அண்ணன் கொடுத்த வயல்

அத்தியாயம் 14

பொறையநல்லூர் மதகுக்கு இப்பாலேயே பேருந்து நின்றது. சாலை குறுகல், இரு பக்கமும் வாய்க்கால். ஓட்டுநர் தயங்குகிறார் என்றே மங்களாம்பிகை எண்ணினாள். முன்னிருக்கையிலிருந்து எழுந்து பார்த்தபோதுதான், ஊர்ப் பெண்கள் சாலையின் குறுக்கே வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவர்களுக்கு நடுவே ஒரு செங்கொடி ஊன்றப்பட்டிருந்தது. காற்று அசையாத காலை. துணி கம்போடு ஒட்டிக் கிடந்தது.

இந்த ஒரு நாளுக்காக அவள் கோடம்பாக்கத்தில் ஒரு மாமாங்கம் காத்திருந்தாள் என்பதை நாம் அறிவோம். உதவி இயக்குநராக உழைத்த காலமெல்லாம், “பெண்ணுக்கு உறுப்பினர் அட்டை தரும் வழக்கம் இல்லை” என்றது இயக்குநர் சங்கம். வழக்கம் இல்லாவிட்டால் உண்டாக்குங்கள் என்று வாதாடி அட்டையை வாங்கினாள். அதன் பிறகும், “யூனிட்டைக் கட்டி மேய்க்க ஒரு பொம்பளையால ஆகுமா?” என்று தயாரிப்பாளர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், நட்டு அறுக்கும் பெண்களின் கதையைப் பெண்ணே எடுக்கட்டும் என்று துணிந்தார். ஆனால், ஒரே ஒரு நாள் படப்பிடிப்பு நின்றாலும் வேறொருவர் இயக்குவார் என்பது அவருடைய நிபந்தனை.

அண்ணன் பஞ்சநதம், தங்கை சினிமாவுக்குப் போனாள் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் முகம் கொடுக்காதவர். அவர் மார்கழியில் ஒரு தார் பழத்தோடு சென்னைக்கே வந்து, “நம்ம பெரிய வயல்ல எடுத்துக்க. வாடகை வேண்டாம். பூரா வயலையும் அறுத்துக்க” என்றார். அவர் படியிறங்கிப் போன பிறகு மங்களம் வெகுநேரம் அழுதாள்.

இப்போது அவள் பேருந்தை விட்டு இறங்கினாள்.

வரிசையின் நடுவில் இருந்தவள் அம்சம். பஞ்சநதத்தின் வயல்களில் நெடுங்காலமாக நட்டும் அறுத்தும் வந்தவள். இன்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அந்த ஊருக்குத் தலைவி.

“என்ன அம்சக்கா, எங்களுக்கு வரவேற்பா?”

“அக்காவா? அப்ப உங்க அண்ணனுக்கு நான் என்ன மொறை ஆவுறேன்னு கேட்டுச் சொல்லுங்க மங்களம்மா.”

பெண்கள் சிரித்தார்கள். அம்சம் சிரிக்கவில்லை.

“பஸ்ஸு நெறைய யாரு?”

“துணை நடிகைகள். கதிரறுக்கிற காட்சி எடுக்கப் போறோம்.”

“அறுக்கிற காட்சியா, அறுப்பா? ரெண்டும் வேற வேற.”

மங்களத்துக்குச் சுருக்கென்றது. ஊரில் அறுப்பு நின்றுபோன செய்தி அவளுக்குத் தெரியும். களத்தில் ஆணுக்கு அளக்கும் கூலி நெல்லையே பெண்ணுக்கும் அளக்க வேண்டும் என்று கேட்டார்கள், நிலக்காரர்கள் மறுத்தார்கள். “பேசி முடிச்சாச்சு, நீ கவலைப்படாம வா” என்று அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். முடியவில்லை என்பதைச் செங்கொடி சொல்லிற்று. அறுப்பு நின்ற ஊரில் வெளியாட்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினால் என்ன நேரும் என்பதைக் கீழத்தஞ்சையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“இவங்க நடிக்க வந்தவங்க அக்கா. அறுக்க வந்தவங்க இல்லை.”

“அப்படின்னா அருவாளைக் காட்டுங்க.”

நிர்வாகி இராஜாங்கம் குறுக்கே வந்தார். படப்பிடிப்பின் வரவு செலவு முழுவதும் அவர் கையில். “அதெல்லாம் மூட்டையில கட்டி இருக்கு மேடம். நேரம் போவுது.”

“மூட்டையை இறக்குங்க” என்றாள் மங்களம்.

நடிப்புக்கு மொக்கை அரிவாள் போதும், எவர் கையும் அறுபடக் கூடாது என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். சாக்கைப் பிரித்தபோது வெயிலில் மின்னியவை அனைத்தும் புதிதாகக் கருக்கு வைத்தவை. அம்சம் ஒன்றை எடுத்துச் சாலையோரத்துக் கோரையில் இழுத்தாள். கோரை சத்தமின்றி விழுந்தது.

“இது படத்துக்கு அடிச்ச அருவா இல்ல” என்றாள்.

மங்களம் இராஜாங்கத்தைப் பார்த்தாள்.

“வயல்காரர்தான் கொடுத்தனுப்பினார் மேடம். அறுக்கத் தெரிஞ்ச பொண்ணுங்களாப் பார்த்து ஏத்துங்கன்னும் சொன்னார். வாடகையே வாங்காதவருக்கு இது ஒரு ஒத்தாசைதானே? உங்க படமும் முடியுது, அவர் வயலும் முடியுது.”

பஸ்ஸின் சன்னல்களில் பெண்கள் தலை நீட்டிப் பார்த்தார்கள். மங்களம் வரப்பில் இறங்கி வீட்டை நோக்கி நடந்தாள்.

வழியெல்லாம் கதிர் தலைசாய்ந்து கிடந்தது. அவளுடைய புடவை பட்ட இடத்தில் மணிகள் உதிர்ந்தன. கொல்லைப்புறக் களம் சாணமிட்டு மெழுகி, காய்ந்து, கோலமும் போடப்பட்டிருந்தது. கயிறு சுற்றிய இரண்டு வண்டிகள் மாடு பூட்டத் தயாராக நின்றன. படத்துக்குக் களம் தேவையில்லை, வண்டி தேவையில்லை.

பஞ்சநதம் கூடத்தில் இருந்தார். “வா மங்களம். காப்பி சாப்பிடறியா? அமிர்தம், யாரு வந்திருக்கான்னு பாரு.”

“களம் எதுக்குண்ணே மெழுகியிருக்கு?”

அண்ணி அமிர்தம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் காப்பியை மறந்தாள்.

“கதிரு கெடக்கிற கெடைய வழியில பார்த்தேல்ல?” என்றார் பஞ்சநதம். “தொட்டாக் கொட்டுது. ஒரு மழை எறங்கினா வயல்லயே மொளைச்சுப் போவும். எனக்கு வேற என்ன வழி? நீ சொல்லு.”

“அவங்க கேக்கறதைக் கொடுக்கலாம்.”

“கொடுத்துட்டு ஊர்ல எப்படி நடமாடறது? ஒருத்தன் கொடுத்தா எல்லாரும் கொடுக்கணும். மத்தவன் என் வாசல்ல வந்து நிப்பான்.”

“அப்போ மெட்ராசுக்கு என்னைத் தேடிக்கிட்டு வந்தது வெளியாளுக்காகத்தானா?”

பஞ்சநதம் தோள் துண்டை எடுத்து உதறினார், மறுபடியும் போட்டுக்கொண்டார். “அப்படிச் சொல்லாதே. தங்கச்சி ஒரு படத்துக்கே எஜமானி ஆயிட்டாளாமேன்னு நாலு பேர் கேட்டாங்க. நெஞ்சு நெறைஞ்சுதான் ரயில் ஏறினேன். வர்ற வழியில இந்த யோசனையும் வந்துச்சு. ரெண்டும் நெசந்தான் மங்களம்.”

பொய் சொல்லியிருந்தால் அவளால் கோபப்பட்டிருக்க முடியும்.

“நான் அங்க என்ன கேட்டுச் சண்டை போட்டேன்னு தெரியுமாண்ணே?”

“தெரியும். பேப்பர்ல படிச்சேன். ஆம்பளைக்குச் சமமாக் கேட்டே. கேளு, நல்லாக் கேளு. ஆனா, மெட்ராஸ்ல கேக்கறதை இங்க வயல்ல வந்து கேக்காதே.”

வாசலில் செருப்பொலி கேட்டது. இராஜாங்கம் தொடர்ந்து வந்திருந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றே பேசினார்.

“மேடம், பின்னால கோவிச்சுக்கக் கூடாது. உச்சிக்குள்ள ஒரு ஷாட்டாவது ஆகலேன்னா, சீர்காழிக்குப் போய் முதலாளிக்கு ட்ரங்க் கால் போட்டுத்தான் ஆகணும். போலீசுக்கு ஒரு வார்த்தை சொன்னா ரோட்டைச் சுத்தமாக்கிடுவாங்க. நீங்க ‘ஆகட்டும்’னு தலையசைச்சாப் போதும்.”

“போலீசா?” என்றாள் அமிர்தம். அந்தக் கூடத்தில் அயலார் இருக்கையில் அவள் வாய் திறப்பது வழக்கமில்லை.

மங்களம் நின்ற இடத்திலேயே நின்றாள். தலையசைத்தால் படம் அவளுடையது. கதிரறுக்கும் பெண்ணின் துயரத்தைத் திரையில் கண்டு ஊர் ஊராகக் கண்ணீர் விடுவார்கள். அந்தக் கதிர், கூலி கேட்ட பெண்களை அடித்து விரட்டிவிட்டு அறுத்தது என்பது திரையில் தெரியாது. தெரியாது என்பதுதான் அவளைக் கலக்கியது. மறுத்தாலோ, ஒரு மாமாங்க உழைப்பு இன்றோடு போயிற்று. போவது அவளோடும் நிற்காது, அடுத்து ஒரு பெண் வந்து கேட்டால், “ஒருத்தியை நம்பிப் பார்த்தோமே, பொறையநல்லூர்ல என்ன ஆச்சு?” என்பார்கள். அதற்கு விடை சொல்ல அவள் அங்கே இருக்கப் போவதில்லை.

அவள் மதகுக்குத் திரும்பி வந்தாள். ஒளிப்பதிவாளர் ஜெக்கரியா காமிராப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார், அறுபதை நெருங்கியவர்.

“என்னம்மா, எங்க வைக்கட்டும்?”

“பெட்டியை மூடிடுங்க சார். பேக்கப்.”

அந்தச் சொல்லை மற்றவர்கள் சொல்ல அவள் ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். தன் வாயால் சொல்வது அதுதான் முதல் முறை. இராஜாங்கம் ஜீப்பில் ஏறிச் சீர்காழிச் சாலையில் போனார்.

துணை நடிகைகளில் மூத்தவளான பொன்னுத்தாய் பஸ்ஸின் படியில் நின்றபடி சொன்னாள்: “எங்கம்மா மன்னார்குடிப் பக்கம் அறுப்புக்குப் போனவதான்க்கா. நீங்க எறங்குன்னு சொல்லியிருந்தா எறங்கித்தான் இருப்போம்; வயித்துப் பாட்டுக்கு வந்த எடத்துல மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஆம்பளைத் துணை நடிகனுக்கு ஒரு கூலி, எங்களுக்கு ஒரு கூலிங்கறப்பவே நாங்க வாயைத் திறக்கல. நீங்க சொல்லாம விட்டீங்களே, அது போதும்.”

மங்களத்துக்கு அது ஆறுதலாக இல்லை. மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். எதிரே அம்சமும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு, வரப்பு வழியாக அமிர்தம் வந்தாள். தலையில் முந்தானை, வேகமான நடை. வந்தவள் நாத்தனாரிடம் போகவில்லை. நேரே அம்சத்தின் முன்னால் நின்றாள்.

“அம்சம், வாய்க்காலுக்கு அந்தண்டை ரெண்டு மா நிலம் இருக்கே, அது யாருது?”

“இது என்ன கேள்வி ஆச்சி? ஐயாவோடது.”

“இல்லை. அது என் மஞ்சக்காணி.”

மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று பிறந்த வீட்டார் பெண்ணுக்கு எழுதி வைக்கும் நிலம் அது. எழுதுவது பெண் பெயரில். உழுவதும், விதைப்பதும், விளைந்ததை விற்பதும் கணவன். தனக்கு அங்கே ஒரு நிலம் இருக்கிறது என்பதையே அமிர்தம் வெளியில் சொன்னதில்லை.

“எங்கப்பா என் பேருக்குக் கொடுத்தது. இன்னிக்கு அதுல அறுப்பு வச்சுக்க. நீங்க கேட்ட கூலி. ஆணுக்கு என்ன அளக்குறமோ அதேதான் பொண்ணுக்கும்.”

அம்சம் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயாகிட்டக் கேட்டீங்களா ஆச்சி?”

“என் புடவையை நான் கட்டிக்க அவரையா கேக்குறேன்?”

“கேக்குறீங்களோ என்னவோ, யாரு கண்டா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, சிரிப்பு வெடித்தது. அமிர்தத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கைவிரல்கள் மட்டும் முந்தானை நுனியை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தன.

அம்சம் எழுந்தாள். “சொன்னா மாறக் கூடாது. அறுத்த நெல்லை இன்னிக்கே அடிச்சு, இன்னிக்கே களத்துல அளந்து போடணும். நாளைக்குன்னா ஐயா வந்து நிப்பாரு.”

“இன்னிக்கேதான்.”

“அப்ப சரி. அருவாளை எடுங்கடி! நம்ம அருவா. அந்தச் சாக்கு மூட்டைய ஒருத்தியும் தொடாதீங்க.”

மங்களம் அப்போதுதான் அருகே வந்தாள். கேட்பதற்கு நாக்கு கூசியது. “அம்சக்கா, நீங்க அறுக்கறதை நான் படம் பிடிக்கலாமா? நடிக்க வேண்டாம். நீங்க பாட்டுக்கு அறுங்க.”

அம்சம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “சீர்காழிக் கொட்டாயில நானும் படம் பாக்குறவதான். நடவுன்னாலும் அறுப்புன்னாலும் உங்காளுங்க பின்னாலயே வந்து நின்னுக்குறாங்க. குனிஞ்ச முதுகையும் இடுப்பையும் எத்தனை நாளு காட்டுவீங்க? எங்களுக்கு மூஞ்சி இல்லியா? எடுக்கறதுன்னா முன்னால வந்து எடுங்க.”

ஜெக்கரியா நெற்றியைச் சொறிந்தார். “முன்னால வச்சாப் பாதி நேரம் கதிருதான் தெரியும்மா. பின்னால வச்சாத்தான் வரிசை அழகு. அப்படித்தான் எடுத்துப் பழக்கம்.”

“வரிசை அழகு எனக்கு வேண்டாம் சார். காமிராவுக்குக் குட்டைக் காலைப் போட்டுக் கதிரோட மட்டத்துக்கு இறக்குங்க. அவங்க அறுத்துக்கிட்டே நம்மை நோக்கி வரட்டும்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார், சேற்றில் மண்டியிட்டார். முதலில் காமிராவுக்குத் தெரிந்தவை கதிர்கள் மட்டுமே. பிறகு கதிர்கள் ஒவ்வொரு பிடியாகச் சாய்ந்தன; சாய்ந்த இடத்தில் ஒரு முகம், அதன் பக்கத்தில் இன்னொரு முகம். வியர்வை வழியும் முகங்கள், பேசும் முகங்கள். ஒருத்தி காமிராவைப் பார்த்து, “பெரியவரே, தள்ளிக்கங்க, மூக்கை அறுத்துடப் போறேன்” என்றாள். ஜெக்கரியா பின்வாங்கவில்லை. மங்களம் “கட்” என்று சொல்லவும் இல்லை.

வேலைநிறுத்தத்தில் இருந்த ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு மா வயல் அத்தனை கைகளுக்கு எம்மாத்திரம்? கட்டுகள் வாய்க்கால் மேட்டில் இருந்த ஊர்ப் பொதுக் களத்துக்குப் போயின. பஞ்சநதம் மெழுகி வைத்த களத்தின் பக்கம் எவரும் திரும்பவில்லை. அடித்து, தூற்றி, நெற்பொலியைக் குவித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அமிர்தம் வீட்டுக்குப் போய், நெல் அளக்கும் மரக்காலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னாலேயே பஞ்சநதமும் வந்தார். ஊரே கூடிவிட்டதால் அவரால் உரக்கப் பேச முடியவில்லை.

“என்ன காரியம் பண்றே அமிர்தம்?”

“என் நிலத்துக் கூலியை அளக்கப் போறேங்க.”

“சரி, நடந்தது நடந்துபோச்சு. மரக்காலை இப்படிக் கொடு. வீட்டுக்காரன் நிக்கறப்போ நீ அளந்தா நல்லாவா இருக்கும்?”

அந்த வட்டாரத்தில் பொலியை அளப்பது ஆணின் வேலை. முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள். “லாபம்” என்று சொல்லி அளந்துவிட்டு, அடுத்ததை இரண்டு என்பார்கள். அந்தச் சொல்லை ஒரு பெண் களத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னதாக எவரும் கேட்டதில்லை.

“கொடுக்கிறேன்” என்றாள் அமிர்தம். “நீங்க எந்தக் கணக்குல அளப்பீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க.”

பஞ்சநதத்தின் நீட்டிய கை அப்படியே நின்றது. ஊர்க் கண்கள் அத்தனையும் அந்தக் கையின் மேல் இருந்தன.

அமிர்தம் குனிந்து மரக்காலைப் பொலியில் ஆழ்த்தினாள். தலைவழிய நிரப்பி நிமிர்ந்தாள். “லாபம்” என்றாள். முதலில் அது அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு களத்தின் கடைசிவரை எட்டும்படி, “லாபம்!” என்றாள். அம்சத்தின் கணவன் மருதையனுடைய துண்டில் நெல் விழுந்தது. அடுத்து அம்சம் முந்தானையை விரித்தாள். அதே அளவு, ஒரு பிடி குறையவில்லை.

அம்சம் இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்தாய்யா, உன் நெல்லும் என் நெல்லும் ஒரே ஒசரம். இனிமே வீட்டுல உலையை யார் வைக்கிறதுன்னு பேசிக்க வேண்டியதுதான்.”

மருதையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். களமே சிரித்தது. சிரிப்பினூடே ஜீப் வரும் ஓசை கேட்டது.

இராஜாங்கம் களத்தோரத்தில் இறங்கினார். நடந்தது என்னவென்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்தது. ஆனால், கொண்டுவந்த செய்தி மாறவில்லை.

“முதலாளி நாளைக் காலையில நேர்ல வர்றார் மேடம். பெரிய வயல்ல ஆள் இறங்கி அறுப்பு நடக்கணும். இல்லேன்னா வேற டைரக்டர் பேரை அங்கேயே சொல்லிடறேன்னார். மெட்ராஸ்ல இருக்கற உங்க அசிஸ்டெண்டையே அதுக்காகக் கையோட கூட்டிக்கிட்டு வர்றார்.”

மங்களம் அம்சத்தின் பக்கம் திரும்பினாள். “அம்சக்கா, நாளைக்குப் பெரிய வயலுக்கு வருவீங்களா?”

“கூலி இதே அளவுன்னாக் கருக்கல்லயே வந்து எறங்குவோம். ஆனா, அதை எங்கிட்டக் கேட்டு என்ன பிரயோசனம்?”

ஆம், கேட்க வேண்டியவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தன் படமும் இந்தப் பெண்களின் கூலியும் இப்போது ஒரே மனிதரின் ஒரு சொல்லில் தொங்குவதை மங்களம் கண்டாள். காலையில் கேட்டதுபோல் தங்கையாகக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

“நாளைக்கு உங்க வயல்ல அறுப்பு உண்டாண்ணே?”

பஞ்சநதம் வாய்க்காலுக்கு அப்பால் தலைசாய்ந்து கிடந்த தம் பயிரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஊரின் மற்ற நிலக்காரர்கள் இருவர் தொலைவில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தம்மையே கவனிப்பதையும் பார்த்தார்.

“இருட்டப் போவுது” என்றார் மனைவியிடம். “மரக்காலைக் கொண்டுபோய் உள்ள வை.”

அமிர்தம் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்; ஆனால், நகரவில்லை.

“ஏங்க, நாளைக்கு அளக்க இது வேண்டாமா?”